அப்பாவின் அம்பாசிடரும் ஒரு வாய் டீசலும்

1)
இது பழைய டீசல் கார் ஒன்றைப் பற்றிய நீண்ட இழை. கார்ல ஆரம்பிச்சு நுரையீரல்ல போய் முடியும். வீட்டுல ஓடாம நிக்கிற டீசல் வண்டி, டிராக்டர், ஜெனரேட்டர், பம்புசெட் ஏதாவது இருந்தா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. என் தப்பு ஒண்ணும் இதுல இருக்கு. அதைச் சொல்றதுக்காகத்தான் எழுதுறேன்.

2)
அப்பாவுக்குச் சோழவந்தான் பக்கம் வெத்தலைக் கொடிக்கால். 1990களின் நடுவில் ஒரு டீசல் அம்பாசிடர் வாங்கினார். 1489 சிசி இன்ஜின். கல்யாணம் காட்சிக்குப் போறதும் அதுலதான். பின் சீட்டைக் கழட்டிட்டு வெத்தலைக் கட்டு ஏத்தி மதுரைக்கு வர்றதும் அதுலதான். என்னை மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டல் வாசலில் பெட்டி படுக்கையோடு இறக்கி விட்டதும் அதே கார். அன்னைக்கு என் சட்டையிலும் வெத்தலை வாசம்.

3)
2019 அக்டோபரில் அப்பா தவறிட்டார். காரியம் முடிஞ்சதும் காரைக் கொட்டகைக்குள்ள தள்ளி, சாவியை அம்மா சாமி மாடத்துல வச்சுட்டாங்க. டேங்கில் பாதி டீசல்.

"அடுத்த மாசம் பாத்துக்கலாம்"னு நினைச்சேன். அடுத்த மாசம் வேற வேலை வந்துச்சு. அப்புறம் கொரோனா. தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று நம்ம மதுரையில். ஜூன் 24ல் இருந்து மாநகராட்சியிலும் பக்கத்து ஒன்றியங்களிலும் திரும்பவும் முழு ஊரடங்கு. எனக்கு வார்டு, வீடு, வார்டு. அம்மாவைப் பார்க்கவே பயம், நோயைக் கொண்டுபோய்க் கொடுத்துடுவோமோன்னு. காரை யார் நினைக்கப் போறா?

4)
செப்டம்பர் மாசம் மாநிலத்துக்குள்ள இ-பாஸ் தேவையில்லைன்னு ஆச்சு. அப்பாவோட முதல் வருஷ திதியும் நெருங்குது. அம்பாசிடர் உற்பத்தியை 2014லேயே நிறுத்திட்டாங்க, அதனால பழசைத் தேடி வாங்குறவங்க இருக்காங்க. ஒருத்தர் வந்து பார்த்தார். ஸ்டார்ட் ஆகலை. "பரவால்ல சார், கட்டி இழுத்துட்டுப் போயிக்கிறோம்"னார்.

அம்மா அடுப்படியில இருந்து வெளிய வந்தாங்க.

"உங்கப்பா வண்டியக் கட்டி இழுத்துட்டுப் போறத நான் பாக்க மாட்டேன்யா. ஓடிப் போறதா இருந்தா போகட்டும். இல்லாட்டி இங்கனயே கெடக்கட்டும்."

அவ்வளவுதான். பேச்சு முடிஞ்சது.

5)
அடுத்த ஞாயிறு மெக்கானிக் அண்ணன் வந்தார். அப்பா காலத்திலிருந்து இந்தக் காரைப் பார்க்கிறவர். கூட ஒரு பையன், இருபது வயசுக்குள்ள இருக்கும். வேலை பழகுறான்.

அண்ணன் பானெட்டைத் தொடலை. முதல்ல என்கிட்ட கேள்வி கேட்டார்.

"எத்தனை மாசமா நிக்குது தம்பி? டேங்குல எம்புட்டுக் கெடக்கு? கடைசியா ஓடுறப்ப நல்லா ஓடுச்சா, இல்ல அப்பவே இழுவையா?"

நான் ஓபியில கேக்குற அதே கேள்விகள். எப்ப இருந்து? அதுக்கு முன்னாடி எப்படி இருந்தீங்க? எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நல்ல மெக்கானிக்கும் நல்ல டாக்டரும் தொடங்குற இடம் ஒண்ணுதான்.

6)
டீசல் வண்டி ஸ்டார்ட் ஆகாததைப் புரிஞ்சுக்க ஒரு விஷயம் தெரிஞ்சா போதும்.

பெட்ரோல் இன்ஜினில் பிளக் பொறி விட்டுப் பற்ற வைக்கும். டீசலில் பொறியே கிடையாது. காற்றை இருபது பங்குக்கு மேல் நெருக்கி அமுக்கும். அந்த அமுக்கத்தில் காற்று கொதிநிலையெல்லாம் தாண்டி நூற்றுக்கணக்கான டிகிரிக்குச் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். சைக்கிள் பம்பை வேகமா அடிச்சா அடிப்பக்கம் சுடும் இல்லையா, அதே சங்கதிதான்.

ஆக மூன்று தேவை. வேகமான சுற்று, போதுமான சூடு, காற்றுக் கலக்காத டீசல். மாசக்கணக்கில் நின்ற வண்டியில் மூன்றும் ஒன்றாகக் கெட்டிருக்கும். நம்ம நோயாளிகள் மாதிரிதான். எண்பது வயசுப் பாட்டிக்கு ஒரே ஒரு வியாதி இருப்பதில்லை.

7)
முதலில் பேட்டரி. நல்லா சார்ஜ் ஏறிய பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டணும். எங்க பேட்டரி 9க்குக் கீழ. ஒரு வருஷம் வெறுமனே கிடந்தா பேட்டரி தகடுகளில் உப்புப் படிஞ்சு, திரும்பச் சார்ஜ் பிடிக்காம போயிடும். வேற பேட்டரி கொண்டு வந்திருந்தாங்க.

பலவீனமான பேட்டரியில் செல்ப் மெதுவா சுத்தும். மெதுவா அமுக்கினா, காற்றில் ஏறுகிற சூடு சிலிண்டர் சுவர் வழியாவே இறங்கிடும். "வண்டி சுத்துதே, ஏன் எடுக்கலை"ன்னு கேக்குறவங்களுக்குப் பாதி நேரம் பதில் இதுதான். சுத்துறது போதாது, வேகமா சுத்தணும்.

8)
பானெட்டைத் திறந்தா எலிக்கூடு. பஞ்சு, வைக்கோல், கடிச்ச ஒயர். பையன் வெறுங்கையால அள்ளப் போனான். நான் தடுத்தேன். எலி மூத்திரத்தில் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கலாம். கையில் சின்னக் கீறல் இருந்தாலே உள்ள போகும். கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசல் தெளிச்சு, ஊறவிட்டு எடுக்கச் சொன்னேன்.

அப்போ எனக்குள்ள ஒரு பெருமை. டாக்டர் பக்கத்துல இருக்கிறது நல்லதுதானேன்னு. அந்தப் பெருமை ரெண்டு மணி நேரம்தான் நிலைச்சது.

9)
அண்ணன் உடனே சாவியைப் போடலை. இன்ஜின் ஆயிலை மாத்தினார். முன்னாடி புல்லி நட்டில் ஸ்பேனரைப் போட்டு, கையாலேயே ரெண்டு சுத்து சுத்திப் பார்த்தார். உள்ள எதுவும் துருப்பிடிச்சு இறுகலைன்னு தெரிஞ்ச பிறகுதான் செல்ப். பத்து செகண்டு, பிறகு ஒரு நிமிஷம் ஓய்வு. நிறுத்தாம அடிச்சா செல்ப் மோட்டார் கருகிடும்.

இன்ஜின் நல்லாவே சுத்துச்சு. எடுக்கலை.

"தம்பி, பின்னாடி போய் புகையப் பாருங்க"ன்னார்.

10)
இது எனக்குப் புதுசு. உங்களுக்கும் உதவும்.

செல்ப் அடிக்கும்போது சைலன்சரில் புகையே வரலைன்னா, டீசல் சிலிண்டருக்குப் போகவே இல்லை.
வெள்ளைப் புகை வந்தா, டீசல் போகுது, ஆனா எரியலை. சூடு பத்தலை.
கறுப்புப் புகைன்னா, டீசல் அதிகம், இல்லாட்டி காற்று குறைவு. ஏர் ஃபில்டரைப் பார்க்கணும்.

நாங்க நாக்கையும் கண்ணையும் பார்க்கிற மாதிரி, அவங்க புகையைப் பார்க்கிறாங்க. எங்க காருக்குப் புகையே இல்லை.

11)
அந்தக் காரில் இன்ஜினை நிறுத்த டேஷ்போர்டில் ஒரு குமிழ் உண்டு. இழுத்தா ஒரு கேபிள் வழியா பம்பில் டீசல் அடைபடும். அப்பா கடைசியா இழுத்து நிறுத்தினது, கேபிள் அப்படியே துருப்பிடிச்சு நின்னுடுச்சு. குமிழை உள்ள தள்ளினாலும் பம்பில் இருக்கிற கை நகரலை. வண்டி ஒரு வருஷமா "நிறுத்து" என்ற உத்தரவுக்குக் கட்டுப்பட்டே நின்னிருக்கு.

எண்ணெய் விட்டு அசைச்சு அதைச் சரி பண்ணார். அப்பவும் புகை இல்லை.

12)
அடுத்து டீசல் ஃபில்டர். கழட்டி ஒரு கண்ணாடி டம்ளரில் ஊத்தினார். கீழ ரெண்டு விரக்கடை தண்ணி. மேல டீசல். நடுவுல பழுப்பு நிறத்தில் கொழகொழன்னு ஒரு படலம்.

பாதி காலியா இருக்கிற டேங்குக்குள்ள காற்று இருக்கும். ராத்திரி குளிர்ந்தா அதிலுள்ள ஈரம் தண்ணியா டேங்க் சுவரில் முத்துப்போல இறங்கும். வைகைக் கரை, கொடிக்கால் ஈரம், ஐப்பசி மழை வேற. தண்ணி டீசலை விடக் கனம், அடியில் தங்கும். தண்ணியும் டீசலும் சந்திக்கிற இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். டீசல்தான் அதுக்குச் சோறு. ஹார்மோகோனிஸ் ரெசினே என்று ஒரு பூஞ்சைக்குப் பெயரே உண்டு, விமான எரிபொருள் டேங்கையும் விடாது. டீசலுக்கும் நோய்த்தொற்று வரும்னு எங்க மைக்ரோபயாலஜி வகுப்பில் யாரும் சொல்லலை.

13)
முழு டேங்கையும் காலி பண்ணணும்னு முடிவாச்சு. டேங்க் அடியில் வடிகால் நட்டு துருப்பிடிச்சு அசைய மாட்டேங்குது. ரொம்ப அழுத்தினா டேங்கே பிய்ஞ்சுடும்.

பையன் ஒரு ரப்பர் டியூபை எடுத்து டேங்குக்குள்ள விட்டான். மறு முனையை வாயில் வச்சு உறிஞ்சினான்.

நம்ம ஊரில் எல்லாரும் பார்த்த காட்சிதான். லாரி செட்டு, பம்புசெட்டு, டிராக்டர், எங்க வேணா. நானும் சின்ன வயசுல அப்பா செய்யுறதைப் பார்த்திருக்கேன். முதல் தடவை டியூபில் வரலை. ரெண்டாவது தடவை பலமா இழுத்தான். சடார்னு வாய் நிறைய வந்துடுச்சு. துப்பினான். இருமினான். கண்ணுல தண்ணி. குனிஞ்சு நின்னு ஒரு ரெண்டு நிமிஷம் இருமல்.

"என்னப்பா?"ன்னேன்.

"ஒண்ணுமில்ல சார், பொரை ஏறிடுச்சு."

"வாயைக் கொப்பளிச்சுக்கோ"ன்னு சொன்னேன். திரும்பி டேங்கிலிருந்து வர்ற டீசலோட நிறத்தைப் பார்க்கப் போயிட்டேன்.

14)
இதுதான் என் தப்பு. என் பையில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்துச்சு. ஸ்டெத் இருந்துச்சு. அன்னைக்கு இன்னும் மூணு மணி நேரம் அவன் என் கண் முன்னாடியே இருந்தான். நான் காரோட புகையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். பையனோட இருமலைக் கேக்கலை.

15)
கார் கதையை முடிச்சிடுறேன்.

புது ஃபில்டர், புது டீசல். காய்ஞ்சு வெடிச்ச ஒரு ரப்பர் ஹோஸை மாத்தினார். டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல இருக்கிற ஹோஸில் வெடிப்பு இருந்தா வெளிய ஒரு சொட்டுக்கூட கசியாம போகலாம், ஏன்னா அங்க உறிஞ்சல்தான் நடக்குது. டீசல் வெளிய வர்றதுக்குப் பதிலா காற்று உள்ள போகும். காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. லைனில் காற்று இருந்தா பம்ப் அதையே அமுக்கிக்கிட்டு இருக்கும், நாசில் திறக்காது. இதைத்தான் ஏர் லாக்ங்கிறாங்க.

ஃபில்டர் மேல இருக்கிற ஸ்குரூவைத் தளர்த்தி, கை லீவரை அடிச்சு, குமிழி இல்லாம டீசல் வர்ற வரைக்கும் ஏர் எடுத்தார். அப்புறம் பம்பில். அப்புறம் ஒவ்வொரு நாசில் நட்டாத் தளர்த்தி. (அந்த நேரம் கையை வைக்காதீங்க. நாசிலில் பீய்ச்சுற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போகும். பார்க்கச் சின்னப் புள்ளியா இருக்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம்.)

இப்போ வெள்ளைப் புகை வந்துச்சு. நாலு ஹீட்டர் பிளக்கில் ரெண்டு செத்திருந்தது. மாத்தினார். பக்கத்து வீட்டுத் தம்பி "ஸ்ப்ரே அடிச்சா உடனே எடுக்கும்ணே"ன்னு ஒரு டப்பாவோட வந்தான். அண்ணன் அவனை விரட்டி விட்டார். அந்த ஸ்ப்ரேயில் இருக்கிறது ஈதர். ஒரு காலத்தில் அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்தா இருந்த அதே ஈதர். சிவக்கச் சூடான ஹீட்டர் பிளக் இருக்கிற இன்ஜினில் அதை அடிச்சா நேரங்கெட்ட நேரத்தில் வெடிக்கும்.

சாயங்காலம் நாலரை மணிக்கு இன்ஜின் எடுத்துச்சு. முதல்ல ஒரு சிலிண்டர், அப்புறம் ரெண்டு, அப்புறம் நாலும். கொட்டகை முழுக்க அந்தப் பழைய சத்தம். அம்மா வாசப்படியில் உக்காந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கிட்டாங்க. நான் காரைத் தொட்டுக்கிட்டே நின்னேன்.

16)
திங்கட்கிழமை ராத்திரி அண்ணன் போன் பண்ணார். குரல் சரியில்லை.

"தம்பி, பயலுக்கு நேத்து ராத்திரியே காச்சல். இன்னைக்கு மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுத்தோம், ரெண்டு நெஞ்சுலயும் சளி அடைச்சிருக்காம். கொரோனான்னு சொல்லி வார்டுல போட்டுட்டாக. உங்கம்மாவும் கூடவே இருந்தாகளே தம்பி..."

என் வயிறு கலங்கிடுச்சு. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு, சர்க்கரை உண்டு. அந்த நிமிஷம்கூட எனக்கு அந்த டியூப் ஞாபகம் வரலை. அதுதான் உண்மை.

பையன்கிட்ட போனைக் கொடுக்கச் சொன்னேன். மூச்சு வாங்கிக்கிட்டே பேசினான். வாசனை தெரியுதான்னு கேட்டேன்.

"வாசம் நல்லாத் தெரியுது சார். ஏப்பம் விட்டா இன்னும் டீசல் வாடைதான் வருது."

17)
உடனே பணியில் இருந்த மருத்துவரிடம் பேசி நடந்ததைச் சொன்னேன். அவர் மேல ஒரு குறையும் இல்லை. அந்தச் செப்டம்பரில் காய்ச்சல், இருமல், ஸ்கேனில் ரெண்டு பக்கமும் நிழல்னா யாரா இருந்தாலும் முதல்ல கொரோனான்னுதான் நினைப்பாங்க. டீசலைப் பத்திப் பையன் சொல்லலை. அது சொல்ல வேண்டிய விஷயம்னே அவனுக்குத் தெரியாது. அவன் தொழிலில் அது தினப்படி வேலை.

ஆர்டி-பிசிஆர் நெகடிவ் வந்துச்சு. தனி அறைக்கு மாத்தினாங்க. அஞ்சு நாள் ஆக்சிஜன். பிழைச்சுட்டான். எக்ஸ்ரே முழுசாத் தெளியப் பல வாரம் ஆச்சு.

18)
என்ன நடந்தது அவனுக்கு?

டீசல், மண்ணெண்ணெய் இதெல்லாம் வயித்துக்குள்ள போனா வயித்துக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஆபத்து நுரையீரலில்தான். தண்ணியைப் போல வழுக்கி ஓடுற, மெல்லிசாப் பரவுற திரவம் அது. பொரை ஏறும்போது கொஞ்சமே கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள்ள போனாலும் நுரையீரல் முழுக்கப் படலமாப் பரவிடும். காற்றுப்பைகள் சுருங்காம விரிச்சுப் பிடிக்கிற இயற்கைப் பூச்சு ஒண்ணு இருக்கு, அதைக் கெடுக்கும். அப்புறம் வீக்கம், நீர், காய்ச்சல். கிருமி இல்லாத நிமோனியா.

மருத்துவ இதழ்களில் "டீசல் சைஃபனர்ஸ் லங்" என்றே இதுக்குப் பெயர் இருக்கு. டியூபால் டீசல் உறிஞ்சுறவங்களோட நுரையீரல். வாயில் எண்ணெய் வச்சுத் தீ ஊதுற வித்தைக்காரர்களுக்கும் இதே நோய் வரும்.

19)
இப்படி நடந்துட்டா என்ன செய்யணும்?

* வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத் தண்ணி, புளித் தண்ணி, தொண்டையில் விரல், எதுவும் வேண்டாம். உள்ள போகும்போது ஒரு தடவை பொரை ஏறியது, வெளிய வரும்போது ரெண்டாவது தடவை ஏறும்.
* வாயைக் கொப்பளிச்சு, டீசல் பட்ட சட்டையைக் கழட்டுங்க.
* ஒரு இருமல் வந்திருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்க. குறைந்தது ஆறு மணி நேரமாவது கண்காணிப்பில் இருக்கணும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமா இருக்கலாம், அதை நம்பிக் கிளம்பிடாதீங்க.
* மூச்சு வாங்கினா, மயக்கமா இருந்தா 108.
* டாக்டர்கிட்ட "டீசல் உறிஞ்சினேன்"னு வாயைத் திறந்து சொல்லுங்க. அவர் கேக்கலைன்னாலும் சொல்லுங்க.

தண்ணி பாட்டிலில் ஊத்தி வச்ச மண்ணெண்ணெயைக் குடிச்சுட்டு வர்ற குழந்தைகளுக்கும் இதே விதிதான்.

20)
காருக்கு என்ன செய்யணும்?

* ரொம்ப நாள் நிறுத்தப் போறீங்கன்னா டேங்கை நிரப்பி நிறுத்துங்க. உள்ள காற்று குறைஞ்சா தண்ணியும் குறையும்.
* பேட்டரியோட நெகடிவ் ஒயரைக் கழட்டி வைங்க.
* ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடுத்து இருபது நிமிஷமாவது ரோட்டில் ஓட்டுங்க. நின்ன இடத்திலேயே உறும விடுறது போதாது. கொட்டகைக் கதவைத் திறந்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.
* நின்ன வண்டியை எழுப்பும்போது வரிசை: பேட்டரி, ஆயில், கையால் சுத்திப் பார்ப்பது, நிறுத்துற கேபிள், ஃபில்டர், ஏர் எடுப்பது, ஹீட்டர் பிளக்.
* டீசலை இறக்க வாய் வேண்டாம். அமுக்குற ரப்பர் குமிழ் வச்ச கைப்பம்பு கடையில் சில நூறு ரூபாய்க்குள்ள கிடைக்கும்.

21)
வாங்க வந்தவர் மறுபடி வந்தார். அம்மா சாவியைக் கொடுத்தாங்க. கார் தன் சொந்தச் சத்தத்தோடு தெருமுனை வரைக்கும் போச்சு. அம்மா அழலை. "நல்லா ஓடுதுல்லய்யா"ன்னு மட்டும் கேட்டாங்க.

அந்தப் பணத்தில் கொஞ்சத்தைப் பையனோட ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்தோம். வேணாம்னு அண்ணன் ரொம்ப மறுத்தார். அம்மா விடலை. "அவுக வண்டிக்குத்தானே அந்தப் புள்ள வாய வச்சான்"னாங்க.

இப்போ அண்ணன் ஒர்க் ஷாப்புல நுழைஞ்சதும் இடது பக்கச் சுவரில் ஆணியடிச்சு ஒரு கைப்பம்பு தொங்குது. அந்த வழியாப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். பழைய டீசல் கறை படிஞ்சிருக்கும். பயன்படுத்துறாங்கன்னு அர்த்தம்.

உங்க ஊர் மெக்கானிக் கடையில் ஒரு பையன் டியூபை வாயில் வைக்கிறதைப் பார்த்தா, ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் அன்னைக்குச் சொல்லலை.